விமானத்துக்கு ஒரு வானிலை, வாழைக்கு ஒரு வானிலையா?

பங்குனி பிறந்துவிட்டால் வாழை வைத்தவர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடுகிறது. தார் தள்ளிய மரம் தலைக்கனத்தோடு நிற்கிறது. பகலெல்லாம் வெயில் கொளுத்துகிறது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேற்கே மேகம் திரள்கிறது. வேண்டிய மழை வருமா, வேண்டாத காற்று வருமா என்று தெரியாமல் வரப்பில் நின்று அண்ணாந்து பார்ப்பதே வேலையாகிறது. பத்து மாதம் பாடுபட்டு வளர்த்த தோட்டத்தைப் பத்தே நிமிடத்தில் படுக்க வைத்துவிட்டுப் போகும் கோடைச் சூறைக்காற்று, கம்பம் பள்ளத்தாக்கிலோ, கோபி, சத்தியமங்கலம் பக்கத்திலோ, லால்குடி, முசிறி, தொட்டியம் காவிரிக் கரையிலோ, தாமிரபரணிப் பாசனத்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதியிலோ, ஆண்டு தவறாமல் எங்காவது ஓரிடத்தில் கைவரிசையைக் காட்டிவிடுகிறது.

அதே வானத்தில்தான் விமானமும் பறக்கிறது. திருச்சி விமான நிலையத்தில் இறங்கவேண்டிய விமானமும், லால்குடி வாய்க்கால் கரையில் நிற்கும் வாழையும் பயப்படுவது ஒரே மேகத்துக்குத்தான். ஆனால் அந்த மேகத்தைப் பற்றி விமானிக்குச் சொல்லப்படுவது ஒரு விதம். விவசாயிக்குச் சொல்லப்படுவது வேறு விதம். இந்த வித்தியாசம் நியாயமானதா என்று கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

விமானிக்கு என்ன கிடைக்கிறது?

சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற விமான நிலையங்களில் காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் வீசுகிறது, பார்வைத் தூரம் எவ்வளவு, மேகம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, வெப்பம் எவ்வளவு என்பதைக் குறித்த நேரத்துக்குக் குறித்த நேரம் அளந்து அறிவிக்கிறார்கள். இதைத் தவிர, வரும் ஒன்பது மணி நேரத்துக்கோ, முப்பது மணி நேரத்துக்கோ முன்னறிவிப்பு ஒன்றும் தயாராகிறது. அது மாவட்டத்துக்கோ, மண்டலத்துக்கோ ஆனதல்ல. அந்த ஒரு விமான நிலையத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் மட்டுமே ஆனது. “பிற்பகல் 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையே சிறிது நேரம் மேற்கிலிருந்து 25 நாட் வேகத்தில் காற்று வீசும், இடியுடன் மழை, 3,000 அடி உயரத்தில் இடிமேகம்” என்கிற முறையில் அது எழுதப்படுகிறது. 25 நாட் என்றால் மணிக்கு 46 கிலோமீட்டர். நேரம் உண்டு, திசை உண்டு, வேகம் உண்டு. உறுதியாகச் சொல்லமுடியாதபோது நூற்றுக்கு 30 அல்லது 40 பங்கு வாய்ப்பு என்று குறிக்கவும் உலக விமான விதிகளில் இடம் இருக்கிறது.

பலத்த காற்று வரும்போலிருந்தால் தரையில் நிற்பவற்றுக்கும் தனியாக ஓர் எச்சரிக்கை கொடுக்கப்படுகிறது. அது வந்தவுடன் சிறு விமானங்களைக் கயிறு கட்டி நிறுத்துகிறார்கள். ஏணிகளையும் வண்டிகளையும் அப்புறப்படுத்துகிறார்கள். நிற்கிற விமானத்தைக் கட்டிப்போட நேரம் கொடுக்கிற அறிவியல், நிற்கிற வாழைக்கு முட்டுக் கொடுக்கவும் நேரம் கொடுக்க வேண்டாமா?

விமானத்தில் நூறு, இருநூறு உயிர்கள் இருக்கின்றன, வாழைத் தோட்டத்தில் அப்படி இல்லையே என்று யாராவது சொல்லலாம். இந்தியாவில் மின்னல் தாக்கி 2022-ஆம் ஆண்டில் மட்டும் 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. இவ்வாறு இறப்பவர்களில் பெரும்பகுதி வயலிலும் மேய்ச்சல் காட்டிலும் வேலையாக இருப்பவர்கள்தான். உயிர்க்கணக்குப் பார்த்தாலும் உழவர்கள் பக்கம் தராசு இறங்கித்தான் நிற்கிறது.

சாய்ந்த மரம் சொல்லும் சேதி

விமானத் துறை இடிமேகத்தை இவ்வளவு அக்கறையோடு பார்க்கத் தொடங்கியதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1975-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று நியூயார்க்கில் இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்று இடிமழைக்குள் அகப்பட்டு நொறுங்கி, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1985 ஆகஸ்டு 2 அன்று டல்லாஸ் நகரில் மீண்டும் அதே மாதிரி விபத்து நேர்ந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதற்குக் காரணம் இன்னதென்று முதலில் எடுத்துச் சொன்னவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஃபுஜிட்டா என்ற விஞ்ஞானி. அவருக்குத் துப்புக் கொடுத்தது சாய்ந்து கிடந்த மரங்கள்தான். 1974-இல் அடித்த சூறாவளிகளுக்குப் பிறகு விமானத்தில் ஏறிச் சேதத்தைப் பார்வையிட்டபோது, ஓரிடத்தில் மரங்கள் சுழன்று விழாமல், நடுவில் ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் சக்கரத்தின் ஆரக்கால் போல வெளியே பார்த்து விழுந்து கிடந்ததைக் கண்டார். மேலிருந்து கனத்த காற்று தொப்பென்று இறங்கித் தரையில் மோதிச் சிதறியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினால் எப்படி நாலு பக்கமும் ஓடுமோ, அப்படித்தான்.

நமது தோட்டங்களில் வாழை சாய்வதும் பெரும்பாலும் இதே காற்றினால்தான். இடிமேகத்துக்குள் மழைத்துளி ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனக்கிறது. கனத்த காற்று கீழே இறங்குகிறது. தரையைத் தொட்டதும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, மழைக்கு முன்னோடியாகப் பாய்ந்து வருகிறது. முகத்தில் சில்லென்று காற்று அடித்து, மண் வாசனை வந்தால் மழை எங்கோ பக்கத்தில் பெய்கிறது என்று கிராமத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சில்லென்ற காற்றுதான் விமானத்தையும் கவிழ்த்தது, வாழையையும் கவிழ்க்கிறது. சேதம் பார்க்க வருகிற அதிகாரிகளிடம், மரங்கள் எந்தத் திசையில் விழுந்து கிடக்கின்றன என்பதையும் காட்டிப் படம் எடுக்கச் சொல்வது நல்லது. அந்தக் காற்று எப்படி வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

விமானத் துறை இந்தப் பாடத்தை வைத்து விதிகளை மாற்றியது, கருவிகளை வாங்கியது, விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. பெரிய இடிமேகத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் விலகிப் போகவேண்டும் என்று பழக்கிவைத்திருக்கிறார்கள். வாழை விலகிப் போகமுடியாது. அதற்கு முன்கூட்டியே சொன்னால்தான் உண்டு.

ஓரிரு இடங்கள் என்றால் எத்தனை இடங்கள்?

விவசாயிக்குக் கிடைக்கும் சேதியைப் பார்க்கலாம். “தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னல் மற்றும் பலத்த காற்றுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.” பங்குனி முதல் வைகாசி வரை ஏறக்குறைய தினமும் இதுவே. இதைக் கேட்டுவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்களே ஒழிய, இதனால் யாரும் ஒரு மூங்கிலைக்கூட எடுத்து நட்டதில்லை.

இந்தச் சொற்களுக்கு உள்ளர்த்தம் இல்லாமல் இல்லை. அதை விவசாயிக்கு விளக்கிச் சொன்னவர்கள்தான் குறைவு. மழைமானி வைத்திருக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை என்றால் ‘ஒருசில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘அநேக இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆகவே ‘ஓரிரு’ என்பதற்கும் ‘ஒருசில’ என்பதற்கும் இடையே இருமடங்கு வித்தியாசம் இருக்கிறது. கேட்கும்போது இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகின்றன! முதல் நாள் ‘ஓரிரு’ என்று இருந்து மறுநாள் ‘ஒருசில’ என்று மாறினால், அன்று உரம் போடுவதையும் மருந்து அடிப்பதையும் தள்ளிப்போடலாமா என்று யோசிப்பதில் தவறில்லை.

மழையின் அளவுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. ஒரு நாளில் பதினைந்தரை மில்லிமீட்டர் வரை லேசான மழை. அதற்கு மேல் 64.4 வரை மிதமான மழை, 64.5 தொடங்கினால் கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் தண்ணீர். ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் வயலில் இறங்கியதாகப் பொருள். சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இந்த ஒரு லட்சம் லிட்டரை மனதில் வைத்துத்தான். தமிழ்நாட்டுக்கு மார்ச் முதல் மே வரை சராசரியாகக் கிடைக்கும் மழை சுமார் 125 மில்லிமீட்டர். ஆண்டு மழையில் ஏழில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறாது. ஆனால் கோடை உழவும், எள்ளும், மானாவாரிப் புன்செய்க்கு மண் பதமும், ஆடு மாடுகளுக்குப் பச்சையும் இந்த 125-ஐ நம்பித்தான் இருக்கின்றன.

இவ்வளவு விவரமும் அலுவலகத்தில் இருக்கிறது. வயலுக்கு வந்து சேரும்போது ‘ஓரிரு இடங்கள்’ என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிற எச்சரிக்கைகளிலும் இதே தொல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறம் மாவட்டம் முழுவதற்கும் பூசப்படுகிறது. திருச்சி மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். ஓர் இடிமழை ஒரு நேரத்தில் நனைப்பது ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் இருக்கலாம். மணப்பாறையில் மழை கொட்டும்போது லால்குடியில் வெயில் அடிக்கும். மாலை முழுவதும் மாவட்டம் மஞ்சளாகவே இருக்கும்.

வானிலைக்காரர்கள் பக்கத்து நியாயம்

இதையெல்லாம் வானிலை ஆய்வுத் துறையின் குற்றமாகவே சொல்லிவிடுவது சரியாகாது. கோடை இடிமழையைப் போலக் கணிப்புக்குப் பிடிகொடுக்காதது வேறில்லை. புயல் என்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, நாலைந்து நாள் கடலில் உலாவிவிட்டு வருகிறது. இடிமேகமோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலம். பிறந்து, வளர்ந்து, பெய்து, கலைந்துபோக ஒரு மணி நேரம் போதும். நாளை மாலை எந்த வருவாய்க் கிராமத்தில் இடி இடிக்கும் என்று இன்றைக்கே சொல்ல உலகத்தில் எந்த நாட்டிலும் முடியாது. சொல்வதாக யாராவது கூறினால் நம்பவேண்டியதில்லை.

ஆனால் எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், எந்த வேளையில் வாய்ப்பு அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். மார்ச் மாதத்தில் வானம் பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். மேற்கு மலையை ஒட்டிய இடங்களிலும் தென் மாவட்டங்களிலும் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மழை. ஏப்ரல் பாதிக்கு மேல் நீலகிரி, கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய பகுதிகளிலும், தெற்கே தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலும் சூடு பிடிக்கும். மே மாதக் கத்திரியில் உள்மாவட்டம் எதுவும் இதற்கு விலக்கல்ல. நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் பகலிலேயே கடல்காற்று வந்து தணித்துவிடுவதால் இடிமழை குறைவு. அந்தக் கடல்காற்று உள்ளே வர வர, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றோடு மோதுகிறது. இரண்டும் கைகலக்கும் கோட்டில்தான் பிற்பகலுக்குமேல் மேகம் வரிசை கட்டுகிறது. வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்தில் அது இரவு எட்டு, பத்து மணிக்குக்கூட நடக்கும். காலை பத்து மணிக்கு முன் கோடை இடிமழை வருவது அபூர்வம்.

விமானிகள் இந்த நாளொழுங்கை நன்றாக அறிவார்கள். கோடையில் காலைப் பயணம் மெத்தையில் உட்கார்ந்ததுபோல இருக்கும்; நடுப்பகலுக்கு மேல் விமானம் கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் போகும் மாட்டுவண்டியாகத் தூக்கித் தூக்கிப் போடும். சூடேறிய நிலத்திலிருந்து காற்று குமிழ் குமிழாக மேலே எழும்புவதே காரணம். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிட்டுக்கொண்டே மேலே போகிறதே, அது இந்தக் குமிழில் ஏறித்தான் போகிறது. பருந்துகள் முற்பகலிலேயே வெகு உயரம் போய்ப் புள்ளியாகத் தெரிகிற நாளில் காற்று நன்றாக எழும்புகிறது. அதனோடு வெண்மேகங்கள் காலிஃபிளவர் பூப்போல உயரமாக வளரத் தொடங்கினால், மாலையைப் பற்றி எச்சரிக்கையாக இருக்கலாம். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று சொல்வதைவிட இந்த அடையாளம் கொஞ்சம் முன்னதாகவே கிடைப்பது.

முந்தின நாள் சொல்லமுடியாததை மூன்று மணி நேரம் முன்னதாகச் சொல்லமுடிகிறது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. ராடாரும் செயற்கைக்கோளும் மின்னல் பதிவுக் கருவிகளும் வந்த பிறகு, மேகம் பிறந்தவுடனே அது தெரிந்துவிடுகிறது. ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று தொலைக்காட்சியின் அடியில் ஓடுகிறதே, அது இந்த வகைதான். மின்னலைப் பற்றி எச்சரிக்க புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ என்ற செல்போன் செயலியும் உண்டு. 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மின்னல் இருக்கிறதா என்று காட்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு வாழைத் தோட்டத்தில் கட்டை அறுத்துக்கொண்டிருப்பவர் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. சட்டையையே கழற்றி மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டு வேலை செய்பவர் செல்போனை இடுப்பில் வைத்திருப்பதும் இல்லை. குறை இருப்பது இந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்.

மூன்று மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

மூன்று மணி நேரத்தில் ஏக்கருக்கு ஆயிரம் வாழைக்கு முட்டுக் கொடுக்க முடியாதுதான். சவுக்கு முட்டோ, மூங்கில் முட்டோ தார் தள்ளும்போதே கொடுத்திருக்க வேண்டும்; தோட்டத்தைச் சுற்றி அகத்தியோ சவுக்கோ காற்றுத் தடுப்பாக நட்டிருக்க வேண்டும். இவை பருவத்து வேலைகள். ஆனால் எச்சரிக்கை வந்த அன்று செய்யக்கூடியதும் இருக்கிறது. முதலாவது, அன்று தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துவது. மண் சேறாக இருந்தால் வேர் பிடி விட்டு மரம் அடியோடு சாயும். அடுத்து, முற்றிய தார்களை வெட்டி இறக்கிவிடுவது. காற்றுக்குப் பாய்மரம் போல விரிந்து நிற்கும் அடி இலைகளைக் கழித்துவிடுவது. தோட்டத்தின் மேற்கு ஓரத்து இரண்டு, மூன்று வரிசைகளுக்காவது நைலான் கயிற்றால் மரத்தோடு மரத்தை இழுத்துக் கட்டுவது. அந்த ஓர வரிசை தாங்கினால் உள்ளே அடி குறையும்.

வாழையோடு மட்டும் விஷயம் முடிவதில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்த நெல்லுக்குத் தார்ப்பாய் போட அரை மணி நேரம் போதும். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் களத்தில் காயும் மிளகாயை அள்ளிச் சேர்க்க ஒரு மணி நேரம். ஒருமுறை நனைந்த வற்றலுக்கு நிறம் போய், விலையும் போய்விடும். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் உதிரப்போகிற காயைத் தடுக்கமுடியாது. பறிக்கத் தயாராக இருப்பதை ஒரு வண்டி அளவாவது பறித்துவிடலாம். காற்றில் உதிர்ந்த காய்க்குக் கிடைக்கும் விலை எல்லோருக்கும் தெரிந்ததே. காலையில் கூலி கொடுத்து மருந்து அடித்து, மாலை மழையில் அது கழுவிக்கொண்டு போனால் நஷ்டம் இரட்டிப்பு.

மின்னலுக்கோ நேரம் இன்னும் குறைவு. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது தலைக்கு மேலேயே இறங்கலாம். உடனே ஓட்டு வீட்டுக்குள்ளோ, காரை வீட்டுக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகுதான் வெளியே வரவேண்டும். தனிப் பனைமரத்தடியும் புளியமரத்தடியும் மின்னலுக்கு ஒதுங்கும் இடங்கள் அல்ல. நாற்புறமும் திறந்த தகரக் கொட்டகையும் அப்படித்தான். மோட்டார் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. கம்பி வேலியைத் தொடக்கூடாது. ஆடுகளை ஒரே மரத்தடியில் ஒடுக்கி நிறுத்தினால் ஒரே இடியில் மந்தையே போகும்.

விவசாயியும் இப்போது பறக்கவிடுகிறார்

முன்பெல்லாம் ‘பறப்பதற்கு வானிலை எப்படி’ என்ற கேள்வி விவசாயிக்கு வேண்டாததாக இருந்தது. இன்று டிரோன் என்ற சிறு பறக்கும் இயந்திரம் மருந்து தெளிக்க வயலுக்கே வந்துவிட்டது. மகளிர் குழுக்களுக்கு டிரோன் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. வாடகைக்கு எடுப்பவர்களும் பெருகிவருகிறார்கள். பத்து நிமிடத்தில் ஓர் ஏக்கர் முடிகிறது என்ற மகிழ்ச்சியில், காற்றைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். டிரோன் தெளிக்கும் துளி மிகவும் நுண்ணியது. இலையும் கிளையும் விடாமல் ஆடுகிற அளவுக்குக் காற்று இருந்தால் காசு கொடுத்து வாங்கிய மருந்து பக்கத்து வயலுக்குப் போகிறது. பக்கத்து வயலில் வேறு பயிர் இருந்தால் சண்டையும் கூடவே போகிறது. நடுப்பகல் வெயிலில் துளி இலையைத் தொடுமுன்பே பாதி ஆவியாகிவிடும்.

காற்றே இல்லாத விடியற்காலையும் நல்லதல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த நேரத்தில் தரையை ஒட்டிய குளிர்காற்று அசையாமல் படுத்திருப்பதால், நுண்துளி கீழே இறங்காமல் மிதந்து, எங்கோ போய் ஒதுங்குகிறது. சருகைக் கொளுத்தினால் புகை மேலே போகாமல் படுக்கையாகப் பரவினால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். புகை மெதுவாகச் சாய்ந்து மேலே போகத் தொடங்கியதும் தெளிக்கலாம். கோடையில் அது காலை ஏழிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை கிடைக்கும் நேரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதியிலும், ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் எதிரிலும் வைகாசிக் கடைசியிலிருந்து அந்த நேரமும் சுருங்கிவிடும். இடிமேகம் பார்வையில் பட்டால் டிரோனை எடுக்கவே கூடாது. விமான நிலையத்துக் காற்று அறிவிப்பு எவ்வளவு உபயோகமானது என்பது டிரோன் ஓட்டுகிறவர்களுக்கு இப்போதுதான் புரிந்துவருகிறது. அதை யாரும் பார்க்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

கேட்கவேண்டியவை

வேளாண்மையை வானிலைத் துறை அடியோடு மறந்துவிட்டது என்று சொல்லமுடியாது. புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு 1932-லேயே தொடங்கப்பட்டது. வானொலியில் உழவர்களுக்கான வானிலை அறிக்கை 1945-இல் தொடங்கியது. ஆடுதுறை 27 என்ற நெல்லைத் திருச்சி வானொலியில் கேட்டுப் பயிரிட்டுவிட்டு அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தவர்கள் நம் தஞ்சாவூர் விவசாயிகள். நல்ல சேதி நல்ல குரலில் வந்தால் எடுத்துக்கொள்ளத் தயங்காதவர்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட அளவில் வானிலை ஆலோசனை சொல்ல நாடெங்கும் அமைக்கப்பட்ட 199 அலகுகள் 2024-இல் மூடப்பட்டன. சிக்கனம் செய்யவேண்டிய இடம் இதுவல்ல. வானிலை அறிக்கையைப் படித்து, இந்த வட்டாரத்துக்கு, இந்தப் பயிருக்கு இன்று இதைச் செய்யுங்கள் என்று சொல்லக்கூடிய ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் நிரந்தரமாக இருந்தாக வேண்டும். திட்டம் முடிந்ததென்று வீட்டுக்கு அனுப்பும் தற்காலிக ஆளாக அவர் இருக்கக்கூடாது.

ராடார் விஷயத்திலும் மேற்கு மாவட்டங்களுக்குக் குறை உண்டு. சென்னையிலும் காரைக்காலிலும் ராடார்கள் இருக்கின்றன. பூமி உருண்டையாக இருப்பதால், ராடாரின் கதிர் தூரம் போகப்போகத் தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகிறது. 200 கிலோமீட்டருக்கு அப்பால் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேதான் அது பார்க்கிறது. அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. கேரளத்து ராடார்களுக்கோ மேற்குத் தொடர்ச்சி மலையே குறுக்கே நிற்கிறது. தேனியும் கோபியும் இப்படி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை. ஏற்காட்டிலும் இராமநாதபுரத்திலும் ராடார் அமைப்பதாக அறிவித்தபோது வரவேற்கப்பட்டதற்கு இதுவே காரணம். அந்த இரண்டும் வேலை செய்கிற வரையில் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது வாழை விவசாயிகளின் கடமை.

ஊருக்குள் சேதி சொல்லும் ஏற்பாட்டுக்கோ பெரிய பணம் தேவையில்லை. ஒரு செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தொலைபேசிகளையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் முறையை 2023-இல் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஒலியைக் கேட்டு அலறி எழுந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாவட்டம் முழுவதற்கும் என்று இல்லாமல், மேகம் நெருங்கும் பத்துப் பதினைந்து ஊர்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். தொலைபேசி இல்லாதவருக்குக் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கி இருக்கிறது. சேதி சுருக்கமாக இருக்க வேண்டும்: எத்தனை மணிக்குள், எந்தத் திசையிலிருந்து, காற்று எவ்வளவு வேகம். இந்த மூன்றும் போதும்.

எச்சரிக்கை கொடுத்து மழை வராமல் போனால் அடுத்த முறை யார் கேட்பார்கள் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. இதற்கும் விமானத் துறையிலேயே வழி இருக்கிறது. விமான நிலையத்துக்குக் கொடுத்த முன்னறிவிப்புகளில் எத்தனை பலித்தன, எத்தனை பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பது அங்கே வழக்கம். அதேபோல ஊராட்சி அலுவலகக் கரும்பலகையில், இந்தக் கோடையில் எத்தனை எச்சரிக்கை, எத்தனை முறை காற்று வந்தது என்று எழுதிவைக்கலாம். பத்தில் நாலு பலித்தாலும் போதும், கட்டிய கயிறு வீணல்ல என்று விவசாயியே முடிவு செய்துகொள்வார். பத்தும் தவறினால் அதையும் மேலே எழுதி அனுப்பவேண்டியதுதான்.

மே 1-ஆம் தேதி கிராமசபை கூடுகிறது. அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு இரண்டு, மூன்று நாட்களே இடைவெளி இருக்கும். ஊராட்சிக்கு ஒரு மழைமானி, வானிலைச் சேதி அறிவிக்க ஓர் ஒலிபெருக்கி, அதைப் பார்த்துச் சொல்ல ஒரு பொறுப்பான ஆள், எழுதிவைக்க ஒரு கரும்பலகை என்று நான்கு வரியில் தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம். மழைமானி வரும்வரை, வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக உள்ள நேர்ச்சுவர் டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டுப் பார்த்தாலும் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும்.